குடலை இட்லியும் மிளகாயும்

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து குடலை இட்லி வாங்கி வந்தோம். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி ஆவியில் வேகவைப்பது. பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். அந்த இலை வாசனை இருக்கிறதே, அப்பப்பா!

"மிளகாயே போடமாட்டாங்களாம்மா?" என்றாள் மகள்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோடகாமா வந்திறங்கிய பிறகுதான் போர்த்துகீசியர் வழியாக நம் பக்கம் வந்தது. மிளகு போல உறைத்த காய், அதனால் மிளகாய். இந்தக் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் பொறித்த காலத்தில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். அந்த ருசி மடப்பள்ளியில் இன்னும் உயிரோடு இருப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

மகள் மூன்றாவது துண்டில் முழு மிளகைக் கடித்துவிட்டாள். கண்ணில் நீர். ஆனாலும் கையை எடுக்கவில்லை.