600 ரூபாய்க் கேபிள்

திருத்துறைப்பூண்டியில் ஐந்து கணினிகளோடு ஒரு இணையச் சேவைக் கடை வைத்திருக்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு முடிய மூன்றே நாள் இருக்கும்போது இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினேன். மாற்றுவதற்கு அதைவிட மோசமான வாரம் கிடையாது. பழைய இணைப்பு மழைக்கு மழை அறுந்ததில் பொறுமை போய்விட்டது.

அன்றே மூன்று கணினிகளில் எந்தத் தளமும் திறக்கவில்லை. இரண்டில் மட்டும் திறந்தது. உதவி எண்ணில் பேசிய பெண் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். நான்கு முறை போட்டேன். ஐந்தாவது அழைப்பில், "இரண்டில் வருகிறதே சார், எங்கள் பக்கம் தவறில்லை" என்று வைத்துவிட்டார். திருவாரூரிலிருந்து வந்த பழுதுபார்ப்பவர், லேன் கேபிள் போய்விட்டது என்று மூன்றையும் மாற்றி 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவருடைய பைக் தெருமுனை திரும்புவதற்குள் பழைய கதைதான்.

பயிர்ச் சான்றான அடங்கலை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் செருகியிருந்த பெரியவர் ஒருவர், "கோட்டூர் பஸ் போய்விடும் தம்பி" என்று எழுந்துபோனார். அது இன்னும் உறுத்துகிறது.

கடையை மூடியபின் உட்கார்ந்தேன். கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை, கொடுத்தால் பதில் வந்தது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை. அப்படியானால் கேபிள் நன்றாக இருக்கிறது. பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லத்தான் ஆளில்லை. ஒரு நிமிடச் சோதனை இது. பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன் செய்திருக்க வேண்டும்.

கணினியின் இணைய அமைப்பைக் காட்டும் ஐபிகான்ஃபிக் /all கட்டளையில் டிஎன்எஸ் வரியைப் பார்த்தேன். தளப் பெயருக்கு எண் சொல்லும் சர்வர் எது என்று காட்டும் வரி அது. ஓடும் இரண்டிலும் மோடத்தின் எண், 192.168.1.1. மற்ற மூன்றிலும் பழைய நிறுவனத்தின் எண்கள். அவர்கள் ஆள் இணைப்புக் கொடுத்தபோது கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அத்தகைய சர்வர்கள் பெரும்பாலும் தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டுமே பதில் சொல்லும். மூன்றையும் மோடத்திடமிருந்து தானே எண்ணை வாங்கிக்கொள்ளும் தானியங்கி முறைக்கு மாற்றினேன், தளங்கள் திறந்துவிட்டன.

ஒரு கணினியில் மட்டும் காப்பீட்டுத் தளம் அடம்பிடித்தது. பெயருக்கு என்ன எண் என்று கேட்டுச் சொல்லும் என்எஸ்லுக்அப் கட்டளை ஒரு எண் சொன்னது, பிங் வேறொரு எண்ணுக்குப் போனது. என்எஸ்லுக்அப் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். பிங்கும் பிரவுசரும் முதலில் கணினியில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பை, அதாவது கையால் எழுதிவைக்கும் பெயர், எண் பட்டியலை, மதிக்கும். அதைத் திறந்தால் அந்தத் தளத்தின் பெயரும் பழைய எண்ணும், பக்கத்தில் 'தற்காலிகம்' என்ற குறிப்பும் இருந்தன. எழுதியவன் நான்தான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு அவசரத்தில் போட்டது. அதற்குள் தளம் வேறு எண்ணுக்குக் குடிபோய்விட்டது.

அந்த வரியை அழிப்பதிலும் அரை மணி நேரம் போயிற்று. சாதாரணமாகத் திறந்த நோட்பேட் அந்த இடத்தில் சேமிக்க விடாது. வேறிடத்தில் சேமித்துக் கொண்டுவந்து ஒட்டினேன். கோப்பின் பெயரோடு டிஎக்ஸ்டி (.txt) என்ற வால் ஒட்டிக்கொண்டதை விண்டோஸ் காட்டாமல் மறைத்துவிட, பழைய கோப்பு அப்படியே இருந்தது. நோட்பேடை வலது கிளிக் செய்து நிர்வாகி உரிமையோடு திறந்த பிறகுதான் வேலை முடிந்தது.

மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போது அந்தப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். பத்தே நிமிடத்தில் ஒப்புகைச் சீட்டு கையில் கொடுத்தேன்.

"கேபிள் மாற்றியதும் சரியாகிவிட்டதா தம்பி?"

"ஆமாம் ஐயா" என்றேன்.