டிஸ்க் ப்ளேயர் ஒப்பீடு: காதை நம்பும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

"சிடி, எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, ப்ளூ-ரே எல்லாம் ஓடுற ஒரே ப்ளேயர் வேணும், எது நல்லா கேக்கும்?" மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலமாரி நிறைய டிஸ்க் வைத்திருப்பவர்கள் இன்னும் கேட்கும் கேள்வி இது. (எஸ்ஏசிடியும் டிவிடி-ஆடியோவும் சிடியை விடக் கூடிய தரத்தில் ஒலியைப் பதியும் டிஸ்க் வகைகள்.) மாடல் பெயரைச் சொல்லும் முன் ஒரு எதிர்க்கேள்வி கேட்டாக வேண்டும். ப்ளேயரிலிருந்து ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப் பெட்டிக்கு, எந்த வயர் போகிறது?

எச்டிஎம்ஐ என்றால், ப்ளேயர் டிஸ்க்கில் உள்ள எண்களைப் படித்து அப்படியே அனுப்புகிறது. அவற்றை ஒலியாக மாற்றும் டிஏசி ரிசீவருக்குள் இருக்கிறது. எண்கள் மாறாமல் போனால் விலை குறைந்த ப்ளேயருக்கும் விலை கூடிய ப்ளேயருக்கும் காதில் வித்தியாசம் தெரியக் காரணமே இல்லை. எண்கள் வந்து சேரும் நேரத்தில் வரும் நுண்ணிய தடுமாற்றமான ஜிட்டர் பற்றி நிறையப் பேசுகிறார்கள். இன்றைய ரிசீவர்களில் அது காதுக்கு எட்டும் அளவில் இல்லை. ஆப்டிகல், கோஆக்ஸியல் வழியில் வேறு ஒரு சிக்கல் உண்டு. எஸ்ஏசிடியின் டிஎஸ்டி (ஒற்றை பிட் பதிவு முறை) ஒலி அந்த வயரில் வெளியே வராது. டிவிடி-ஆடியோவில் காப்புரிமைப் பூட்டு இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்துத்தான் அனுப்பும். எச்டிஎம்ஐயிலும் டிவிடி-ஆடியோவுக்கு 1.1, டிஎஸ்டிக்கு 1.2 பதிப்பு தேவை. 2005 வாக்கில் வந்த ரிசீவர் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ப்ளேயரின் சொந்தக் குரல் என்று ஒன்று இருந்தால் அது பின்பக்கத்து ஆர்சிஏ (சிவப்பு-வெள்ளை வட்ட ஜாக்) அனலாக் அவுட்டில் மட்டும்தான். சோனி யுபிபி-எக்ஸ்800எம்2 எஸ்ஏசிடியும் டிவிடி-ஆடியோவும் ஓட்டும், ஆனால் அதில் அனலாக் அவுட்டே கிடையாது. பானசோனிக் டிபி-யுபி9000இல் அருமையான அனலாக் பகுதி உண்டு, எஸ்ஏசிடி ஓடாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஒப்போ யுடிபி-205இன் கதை 2018 ஏப்ரலில் கம்பெனி ப்ளேயர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததோடு முடிந்தது. இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும்.

அனலாக் அவுட்டை ஒப்பிடுவதற்கு வருவோம். பத்தில் ஒன்பது ஒப்பீடு தப்பாவது ஒரே இடத்தில்தான்: இரண்டு ப்ளேயரின் ஒலி அளவும் சமமாக இல்லை. சிடி ப்ளேயர் முழு அளவில் 2 வோல்ட் தர வேண்டும் என்பது வழக்கம். நடைமுறையில் ஒன்று 1.9 தரும், இன்னொன்று 2.2 தரும். 0.2 டெசிபெல் கூடினால் அது காதுக்கு "சத்தம் கூடியிருக்கிறது" என்று படாது, "தெளிவா இருக்கு, உயிர் இருக்கு" என்றுதான் படும். இதைச் சரிசெய்யாமல் எழுதப்படும் எந்த விமர்சனத்துக்கும் நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

சமன் செய்யும் முறை இது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் 400 ஹெர்ட்ஸ் சைன் அலை, ஆம்ப்ளிட்யூட் 0.5, ஒரு நிமிடம், ஸ்டீரியோ, 16-பிட் 44.1 கிலோஹெர்ட்ஸில் செய்து சிடி-ஆரில் எழுதுங்கள். எல்லோரும் சொல்லும் 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். சாதாரண மீட்டர்களின் ஏசி அளவீட்டுக்கு 400 ஹெர்ட்ஸ் வரைதான் உத்தரவாதம் இருக்கும். மும்பையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான லாமிங்டன் ரோட்டில் எந்தக் கடையிலும் தொங்கும் மஞ்சள் நிற 830 வகை மீட்டர் இந்த வேலைக்கு உதவாது. அதன் மிகக் குறைந்த ஏசி ரேஞ்சே 200 வோல்ட், 0.1 வோல்ட் படியாகத்தான் காட்டும். நமக்கு வேண்டியது 1 மில்லிவோல்ட் வரை பிரித்துக் காட்டும் மீட்டர். ஏசியில் 2 அல்லது 6 வோல்ட் ரேஞ்ச் இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ஆர்சிஏ வயரை ஆம்பில் மாட்டிய நிலையில், ஒரு டீ-பிரிப்பான் போட்டு நடுப்பின்னுக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளக்க வேண்டும். இடது, வலது இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ப்ளேயரில் இரு பக்கமும் 0.1 டெசிபெல்லுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 1.2 சதவீதம் வேறுபட்டால் ஸ்டீரியோ நடுப்புள்ளியே கொஞ்சம் நகரும்.

ஒரு ப்ளேயர் 1.000 வோல்ட், மற்றது 1.025 வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.21 டெசிபெல். ஏவி ரிசீவரின் இன்புட் ட்ரிம் (ஒவ்வொரு இன்புட்டின் ஒலி அளவையும் திருத்தும் வசதி) 0.5 அல்லது 1 டெசிபெல் படியாக நகர்வதால் அது இங்கே கைகொடுக்காது. சத்தம் கூடிய ப்ளேயரின் நடு வயரில், இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்றாக, 1.2 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரை, 1 சதவீத டாலரன்ஸ், கால் வாட், தொடராகப் போடுங்கள். ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) 47 கிலோ ஓமாக இருந்தால் 1.025 வோல்ட் 0.999க்கு இறங்கும். உங்கள் ஆம்ப் 20 கிலோ ஓம் என்றால் ரெசிஸ்டரும் அதே விகிதத்தில் குறைந்து அரை கிலோ ஓம் அளவுக்கு வரும். போட்ட பிறகு ரெசிஸ்டருக்கு ஆம்ப் பக்கமாகத் திரும்ப அளந்து பாருங்கள். கணக்கை விட மீட்டர் காட்டுவதுதான் உண்மை.

அடுத்தது, ஒரே டிஸ்க்கின் இரண்டு பிரதிகள். இரண்டிலும் ஒரே டிராக்கின் தொடக்கத்தில் பாஸ் செய்து, ஒன்றாக விடுங்கள். ஒன்று முந்தினால் அதை ஒரு கணம் நிறுத்தி விடுங்கள். ஐந்து நிமிடப் பாட்டில் ப்ளேயர்களின் கடிகாரக் கிரிஸ்டல் வேறுபாட்டால் வரும் விலகல் சில மில்லி விநாடிதான், அது தொந்தரவு செய்யாது. மாற்றி மாற்றிப் போடுபவர் வேறொருவராக, கேட்பவருக்கு முகம் தெரியாத இடத்தில் இருக்க வேண்டும். நாணயம் சுண்டி எது ஓட வேண்டும் என்று தீர்மானித்து, தாளில் குறிக்கட்டும். 16 தடவையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 9, 10 சரி என்றால் எதுவும் நிரூபணமாகவில்லை.

வித்தியாசம் தெரிகிறது என்றாலும் அவசரப்படாதீர்கள். ப்ளேயர் பக்கத்தில் வயர்களை இடம் மாற்றி மாட்டி, அளவைத் திரும்பச் சமன் செய்து, அதே சோதனையை இன்னொரு முறை நடத்துங்கள். வித்தியாசம் ப்ளேயரோடு சேர்ந்து இடம் மாறினால் அது ப்ளேயருடையது. 'சிடி' என்று எழுதிய இன்புட்டிலேயே தங்கிவிட்டால் குற்றவாளி ஆம்பின் இன்புட் அல்லது வயர். கடல் காற்றுப்பட்ட மும்பை வீடுகளில் ஆர்சிஏ முனைகள் கறுத்து, ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கரகரக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து, நாலைந்து முறை செருகி எடுத்தால் அது போய்விடும்.

என்ன டிஸ்க்கைப் போடுவது? நம் சங்கீதமே நல்ல சோதனைச் சாலை. ஆலாபனை முடிந்து பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் தம்புரா மட்டும் நிற்குமே, ப்ளேயரின் இரைச்சல் அங்கே வெளிப்படும். மிருதங்கத்தின் தொப்பி கீழ்ச்சுருதியைக் காட்டும். வலந்தலையின் 'நம்' அடி நேர ஒழுங்கைக் காட்டும். கடைசியாக நாதஸ்வரம், முழு வேகத்தில். ஆம்பும் ஸ்பீக்கரும் அங்கே திணறினால் அதை ப்ளேயரின் தலையில் கட்டாதீர்கள்.

சமன் செய்து கண்ணைக் கட்டிக் கேட்டால், ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு ப்ளேயர்களைப் பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடியாது. முடிகிற இடங்களுக்குக் காரணமும் சொல்ல முடியும்.

ஒன்று, ப்ரீ-எம்ஃபசிஸ். 1980களில் வந்த சில சிடிகளில் மேல்ஸ்தாயியைத் தூக்கிப் பதிந்து, திரும்ப இறக்கச் சொல்லும் குறியீட்டையும் சேர்த்திருப்பார்கள். சிடி ப்ளேயர் அதைப் படித்து இறக்கும். வீடியோவுக்காகச் செய்த சில பல-ஃபார்மட் ப்ளேயர்கள், முக்கியமாக டிஜிட்டல் அவுட்டில், கவனிக்காமல் விட்டுவிடும். உச்சத்தில் 10 டெசிபெல்லுக்கு அருகில் தூக்கிய ஒலி அப்படியே வரும், தாளச் சத்தம் காதைக் கிழிக்கும். "இந்த ப்ளேயர் ரொம்ப ப்ரைட்" என்ற புகார் ஏதோ ஒரு பழைய டிஸ்க்கில் மட்டும் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று, 2000க்குப் பிறகு அளவுக்கு மீறிச் சத்தமாக மாஸ்டர் செய்த சினிமா சிடிகள். இரண்டு சாம்பிளுக்கு நடுவே அலையின் உச்சி டிஜிட்டல் எல்லையைத் தாண்டும். டிஏசியின் ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டரில் அதற்கு இடம் விட்டிருந்தால் பிரச்சினை இல்லை, விடாவிட்டால் முனை வெட்டுப்பட்டுக் கரகரப்பாகும். ப்ளேயரிலேயே டிஜிட்டல் வால்யூம் இருந்தால் 3 டெசிபெல் குறைத்துவிட்டு, ஆம்பில் ஏற்றிக் கேளுங்கள். கரகரப்பு குறைந்தால் காரணம் இதுதான்.

மூன்றாவது செட்டிங்குகள். வாங்கிய நாளில் டிஆர்சி (உரத்த, மெல்லிய ஒலிகளின் இடைவெளியைக் குறைக்கும் வசதி) 'ஆட்டோ'வில் இருக்கும், அணைக்க வேண்டும். ப்ளூ-ரேயில் 'ஆடியோ மிக்ஸ்' ஆன் ஆக இருந்தால் ட்ரூஎச்டி (ப்ளூ-ரேயின் இழப்பில்லாத ஒலி வடிவம்) ரிசீவருக்கு முழுசாகப் போகாது. ஸ்பீக்கர் 'ஸ்மால்' என்று இருந்தால் ஸ்டீரியோ அவுட்டிலும் கீழ்ச்சுருதி வெட்டுப்படலாம். 5.1 அனலாக் வயரில் சப்வூஃபர் சத்தம் குறைவாகத் தெரிந்தால் ரிசீவரின் மல்டி-சேனல் இன்புட்டில் 10 டெசிபெல் ஏற்றும் வசதியைத் தேடுங்கள். சப்வூஃபருக்கான எல்எஃப்இ சேனலை 10 டெசிபெல் ஏற்றிப் போட வேண்டும் என்பதுதான் கணக்கு, சில ப்ளேயர்கள் அதை ரிசீவரின் பொறுப்பில் விட்டுவிடும்.

எண்கள் மாறாமல் போகின்றனவா என்று பார்க்க ஒரு நல்ல வழி டிடிஎஸ் (பல-சேனல் ஒலிக் குறியீடு) மியூசிக் சிடி. அதை கோஆக்ஸியல் வழியாக ஓட்டுங்கள். வால்யூமை முன்பே நன்றாகக் குறைத்துவிடுங்கள். ரிசீவரில் டிடிஎஸ் என்று வந்து பாட்டுக் கேட்டால் ப்ளேயர் ஒரு பிட்டைக்கூடத் தொடவில்லை. பாட்டுக்குப் பதில் உரத்த இரைச்சல் வந்தால், ரிசீவர் டிடிஎஸ் தெரிந்ததாக இருக்கும் பட்சத்தில், ப்ளேயர் எங்கேயோ அப்சாம்ப்ளிங்கோ வால்யூம் மாற்றமோ செய்கிறது.

எஸ்ஏசிடியில் இன்னும் கவனம் வேண்டும். ஹைப்ரிட் டிஸ்க்கில் சிடி அடுக்கையும் எஸ்ஏசிடி அடுக்கையும் மாற்றி மாற்றிக் கேட்டு "வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம்" என்பவர்கள் பெரும்பாலும் இரண்டு தனித்தனி மாஸ்டரைத்தான் ஒப்பிடுகிறார்கள். அளவும் ஒன்றாக இருக்காது. டிஎஸ்டியின் 0 டெசிபெல் 50 சதவீத மாடுலேஷனில் நிற்பதால், சிடி பயன்படுத்தும் பிசிஎம் முறைக்கு மாற்றும்போது ஒரு ப்ளேயர் 6 டெசிபெல் ஏற்றும், மற்றொன்று ஏற்றாது. சிடியில் சமன் செய்தது இங்கே செல்லாது, தனியாக அளக்க வேண்டும். 2007இல் மேயரும் மோரனும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தர டிஸ்க்கின் ஒலியை நேராகவும், 16-பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் சுற்றுக்குள் விட்டும் கேட்கவைத்தார்கள். 554 தடவையில் சரியான விடை 276. 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது, மிகச் சிறிய ஆனால் தற்செயல் என்று தள்ள முடியாத வித்தியாசம். நல்ல மாஸ்டருக்காக எஸ்ஏசிடி வாங்குவது முழுக்க நியாயம். ஃபார்மட்டே மாயம் செய்யும் என்று வாங்காதீர்கள்.

ஸ்பீக்கரில் ஹம் (ஊம் என்ற இரைச்சல்) வந்தால் முதலில் டிவிக்குப் போகும் கேபிள் வயரைக் கழற்றுங்கள். எச்டிஎம்ஐ வழியாக ப்ளேயருக்கும் ஆம்புக்கும் அந்த எர்த் வந்து சேர்கிறது. கழற்றியதும் ஹம் நின்றால் கேபிள் வரும் இடத்தில் ஐசோலேட்டர் போட்டால் போதும். இரண்டு-பின் ப்ளேயரைத் தொட்டால் சுருசுருக்கிறது என்றால் அது ப்ளேயரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் ஒய்-கபாசிட்டர் வழியாக வரும் கசிவு. மீட்டர் 100 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் மின்னோட்டம் மிகச் சொற்பம். எர்த் உள்ள மூன்று-பின் ஆம்போடு ஆர்சிஏ மாட்டியதும் அது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் சுவர் ப்ளக்கில் எர்த்தே வரவில்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவினுடையது 120 வோல்ட் என்று இருந்தால் நம் 230இல் மாட்டிய கணமே போய்விடும். '100-240' என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. இந்தியா ப்ளூ-ரேக்கு சி ரீஜன், டிவிடிக்கு 5. எஸ்ஏசிடிக்கு ரீஜனே கிடையாது. ட்ரே திக்கித் திக்கி வந்தால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது, மலிவான வேலை. ட்ரே திறக்கும்போது ப்ளேயரே அணைந்து எழுந்தால் பவர் சப்ளையின் கபாசிட்டர்கள் வறண்டுவிட்டன. அதற்கு ஏற்றாற்போல் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கடைசிச் சோதனைக்கு ஒரு ஹைப்ரிட் எஸ்ஏசிடியைக் கையோடு எடுத்துப் போங்கள். சிடியை 780 நானோமீட்டர் லேசர் படிக்கிறது, டிவிடியையும் எஸ்ஏசிடியையும் 650 நானோமீட்டர் லேசர். இரண்டாவது களைத்துப் போயிருந்தால் சிடி பழுதில்லாமல் ஓடும். ஹைப்ரிட் டிஸ்க்கைப் போட்டால் சில ப்ளேயர்கள் சத்தமில்லாமல் சிடி அடுக்குக்குத் தாவிவிடும், பாட்டும் கேட்கும், கடைக்காரரும் "ஓடுது பாருங்க" என்பார். பாட்டைக் கேட்காதீர்கள், முன்பக்க டிஸ்ப்ளேயில் 'எஸ்ஏசிடி' என்று எழுத்து வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் லென்ஸை ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால், அழுத்தாமல், ஒரே ஒரு முறை வட்டமாகத் துடைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் படிந்த படலம் என்றால் அதிலேயே சரியாகிவிடும். அப்போதும் வரவில்லை என்றால் பிக்-அப் (லேசரும் லென்ஸும் உள்ள பகுதி) மாற்ற வேண்டும், பல மாடல்களுக்கு அது கிடைப்பதே பெரும்பாடு. அந்த ப்ளேயரை விட்டுவிடுங்கள்.