மூன்று கிலோமீட்டருக்கு அரை ஆழாக்கு

2024 மார்ச்சில், மன்னார்குடியில் எனக்கு வழக்கமாகத் தைத்துக் கொடுக்கும் அம்மாவிடம் நான்கு ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். ஆண்களுக்காக ஒரு விளக்கம்: ஜாக்கெட் தைக்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று தையல்களை இடைவெளி விட்டுப் போட்டுத் தருவார்கள், உடம்பு போடப் போட ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொள்ளலாம். அந்த அம்மா ஜாக்கெட்டின் உட்புறத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று தையல் இருந்த இடத்தில் இரண்டு வரிசை ஊசித்துளைகளும் ஒரே ஒரு தையலும் மிச்சமிருந்தன. "இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்ல டீச்சர்" என்று சொல்லி, நான்கையும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதே மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. நீரிழிவு என்று சொல்ல 6.5 ஆக வேண்டும், 5.7க்கு மேலே போனாலே அதன் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். எனக்கு அப்போது 42 வயது, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. கணக்கு டீச்சர் என்பதால் உடல் நிறைக் குறியீட்டை நானே போட்டுப் பார்த்தேன்: 33.6. இந்தியர்களுக்கு அது 25ஐ எட்டினாலே உடற்பருமன் என்று கொள்கிறார்கள். மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்து, ஈ.சி.ஜி. எடுத்து, முதலில் நடக்கச் சொன்னார். ஓட ஆசை இருந்தால் மெதுவாகத் தொடங்கலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் 'ஓடலாம்' என்ற பகுதி மட்டும் என் காதில் விழுந்தது. அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டுமே என்ற அவசரந்தான் அதற்குக் காரணம்.

எங்கள் ஊரில் காலை நடைக்கென்றே அமைந்தாற்போல ஹரித்ரா நதி என்னும் தெப்பக்குளம் இருக்கிறது. பெயரில்தான் நதி, 23 ஏக்கர் பரப்புள்ள குளம். அதன் நான்கு கரைகளிலும் விடிவதற்கு முன்பே ஆட்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள், அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள் அல்லது என்னிடம் படிப்பவர்களின் பெற்றோர்கள். சுடிதாருக்கு மேலே துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு நான் ஓடத் தொடங்கி நூறு மீட்டர்கூட ஆகியிருக்காது. மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. பக்கத்தில் ஒரு வண்டி வேகத்தைக் குறைத்தது. "என்ன டீச்சர், பஸ்ஸ விட்டுட்டீங்களா? ஏறுங்க, ஸ்டாண்டுல விட்டுடறேன்." மணி காலை ஐந்தே முக்கால். அவர் கேலி செய்யவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார் என்பது இன்னும் சங்கடமாக இருந்தது. புடவை வயதில் இருக்கும் ஒரு பெண் ஓடினால் அதற்கு ஏதோ ஒரு அவசரம் இருக்க வேண்டும் என்பதே ஊரின் கணக்கு.

மறுநாள் முதல் பாமணியாற்றங்கரைக்கு மாறினேன். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்திலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற ஆறு இது. அதன் கரை சமதரையான மண் பாதை, வண்டிகள் குறைவு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையின் மரங்களில் பலவற்றைச் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வைத்தவை இப்போதுதான் ஆள் உயரம் தாண்டி நிழல் கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன, அதனால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மார்ச்சில் ஆற்றில் தண்ணீர் இல்லை. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. மேய்க்கிறவர் கையில் நீளமான கழி வைத்திருந்தாலும் வாத்துகளை விரட்டியதை நான் பார்த்ததேயில்லை. ஒருநாள் கேட்டேன். "விரட்டுனா முட்டை நின்னுபோயிடும் டீச்சர்" என்றார்.

ஓட்டத்தைப் பற்றி நான் முதலில் கற்றது, நான் ஓடியது ஓட்டமே அல்ல என்பதைத்தான். பள்ளி விளையாட்டு விழாவில் பார்த்த நூறு மீட்டர்ப் பந்தயம்தான் என் மனத்தில் ஓட்டம் என்று பதிந்திருந்தது. அந்த வேகத்தில் யாராலும் அரை மணி நேரம் ஓட முடியாது. 1996இல் ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர் வகுத்த 'கவுச் டு ஃபைவ் கே' என்ற ஒன்பது வாரத் திட்டம் அப்போது கண்ணில் பட்டது. அதில் முதல் வாரம் ஐந்து நிமிடம் விரைவாக நடந்துவிட்டு, 60 விநாடி மெல்ல ஓடுவதும் 90 விநாடி நடப்பதுமாக 20 நிமிடம் மாறி மாறிச் செய்ய வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம் என்கிறார்கள். ஆற்றங்கரையில் யாரோடு பேசுவது? எட்டாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்துநான்கு என்று சொல்லிக்கொண்டே போய், ஏழெட்டு ஐம்பத்தாறில் குரல் உடைந்தால் வேகம் அதிகம் என்று பொருள், உடனே குறைத்துவிடுவேன். அப்படிக் குறைத்துக் குறைத்து நான் வந்து சேர்ந்த வேகத்தில், புல்லுக்கட்டு சுமந்து நடந்த ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். அன்று முதல்முறையாக 60 விநாடி முழுவதையும் மூச்சிரைக்காமல் முடித்தேன்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு பிழை செய்தேன். மூன்றாம் வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதை மறந்து, தொடர்ந்து ஐந்து நாள் ஓடினேன். ஆறாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கியபோது, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்பக்கம் விரல் வைக்க முடியாதபடி வலித்தது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் புதிதாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் அடிபடுகிறார்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. எனக்கு அது இருநூறு கிலோவுக்கு மேல். நெல் கொள்முதல் நிலையத்துக் கணக்கில் 40 கிலோ சிப்பம், அதாவது மூட்டை, ஐந்து. ஐந்து சிப்பத்தை ஒற்றைக் காலில் நிமிடத்துக்கு எழுபது, எண்பது முறை இறக்கினால் எலும்பு கேள்வி கேட்காமல் விடுமா? மூன்று வாரம் ஓடவில்லை. நடை மட்டும் நடந்தேன். பழைய கான்வாஸ் காலணியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டத்துக்கான காலணி வாங்கினேன்.

பெண்களுக்கு மட்டும் இரண்டு சொல்ல வேண்டும், யாரும் எனக்குச் சொல்லாததால். ஓடுவதற்கென்று உறுதியாகத் தைத்த உள்ளாடை காலணியைவிட முக்கியம்; அது இல்லாமல் முதல் மாதம் நான் பட்ட வலியைக் கால்வலி என்று வீட்டில் பொய் சொன்னேன். தொடைகள் உரசிப் புண்ணாவதற்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

இனி எடைக்கு வருகிறேன். ஏப்ரல் நடுவில் தராசில் ஏறியபோது 85.2 காட்டியது. ஓடத் தொடங்கியபின் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது! புதிதாக உழைக்கும் தசைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதில் கொஞ்சம் இருக்கும். ஆனால் நான் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியும். ஓடிவிட்டு வந்த நாட்களில் ஒரு வடை கூடுதல், மதியம் இன்னொரு கரண்டி சோறு, 'இன்றைக்கு ஓடினேனே' என்று ஒரு சலுகை. அன்று மாலை விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது; மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் நான் மூன்று கிலோமீட்டர் ஓடினால் சுமார் 250. வாரம் மூன்று நாளைக்கு 750. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி. வேறு எதையும் மாற்றாமல் ஓட்டத்தால் மட்டும் ஒரு கிலோ குறைய எனக்குப் பத்து வாரம் ஆகும், அதுவும் ஒரு வடைகூடக் கூடாமல் இருந்தால்.

பிறகு சமையலறைத் தராசை எடுத்தேன். எங்கள் வீட்டில் அரிசி அளப்பது பித்தளை ஆழாக்கில். என் மாமியார் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. தலைதட்டி அளந்தால் அதில் 140 கிராம் அரிசி பிடித்தது. அத்தை அளப்பதுபோலக் குவித்து அளந்தால் 175. அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கிலோகலோரி. அதாவது நான் நாக்குத் தள்ள ஓடிய மூன்று கிலோமீட்டர், தலைதட்டிய ஆழாக்கில் சரிபாதி. அந்தக் குவியல் மட்டுமே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். எங்களுக்கு வேளைக்கு ஆளுக்கொரு ஆழாக்கு, மதியமும் இரவும்.

தலைதட்டி அளக்கலாமா அத்தை என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஒலைக்குப் போடறப்ப தலைதட்டக் கூடாதும்மா. அது மிராசுதார் வூட்டு அளவு" என்றார். அவருடைய அப்பா கூலி நெல் வாங்கியவர். அப்பா வாங்கும்போது மரக்காலில் தலைதட்டி விழுந்த நெல்லைப் பார்த்து வளர்ந்தவர் அத்தை, தன் வீட்டில் குவித்து அளக்கும் நாள் வந்ததைப் பெருமையாக வைத்திருப்பவர். அவரிடம் கலோரிக் கணக்கைப் பேசுவது எனக்கே அசிங்கமாகப் பட்டது. நான்கைந்து நாள் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். அவர் எப்போதும்போலக் குவித்தே அளப்பார். அளந்த பிறகு என் பங்கிலிருந்து ஒரு கை அரிசியை நானே எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். "குடுத்துட்டு எடுக்கறது வேற" என்றார். முதலில் ஒரு கை. ஜூன் மாதத்துக்குள் பாதி ஆழாக்கு. இரவுச் சோற்றை விட்டுவிட்டு இரண்டு இட்லி அல்லது தோசை என்று ஆக்கிக்கொண்டேன். குறைந்த இடத்தைக் கீரையும் முட்டையும் சுண்டலும் நிரப்பின. மீன் கிடைக்கும் நாளில் மீன், ஆனால் குழம்பில் போட்டதுதான். காபியை மட்டும் விடவில்லை, சர்க்கரையை ஒரு கரண்டியாகக் குறைத்தேன். சோறே சாப்பிடக் கூடாது என்று சொல்கிற எந்தத் திட்டத்தையும் இந்த மண்ணில் நான் நம்ப மாட்டேன். இரண்டு மாதத்தில் உடைந்துவிடும்.

எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. அதுவரை நான் வெறும் மணலாற்றைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் எங்கள் கரைக்கு வந்த காலையில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நின்று பார்த்தேன், அந்த நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்பது வாரத் திட்டத்தின் ஐந்தாம் வாரத்தில், நிற்காமல் 20 நிமிடம் ஓடும் நாள் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு நாளை எட்ட எனக்குச் செப்டம்பர் வரை ஆயிற்று. குறுவை அறுவடை நேரம். கரையை விட்டுத் தார்ச்சாலைக்கு ஏறினால் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருக்கும். நெல்லை மிதிக்க மனம் வராது, ஓரத்தில் ஒற்றையடிப் பாதைபோல விட்டிருக்கும் இடத்தில் ஓடினேன். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாய்கள் மட்டும் இன்றுவரை என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. துரத்தினால் ஓடாமல் நின்று, மெல்ல நடந்து கடந்துவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றங்கரை ஓட்டம் நடக்காது. டெல்டாவின் களிமண் காலணியில் அப்பிக்கொண்டு, நூறு அடிக்குள் ஒவ்வொரு காலும் செங்கல் கட்டினாற்போல ஆகிவிடும். நவம்பர் கடைசியில், பின்னர் ஃபெஞ்சல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் கொட்டித் தீர்த்த வாரத்தில் நான் வீட்டுத் திண்ணையில் நின்ற இடத்திலேயே கால் தூக்கிக் குதித்தேன்; அத்தை சிரித்த சிரிப்பில் அதையும் நிறுத்தினேன்.

இப்போது 2025 பிப்ரவரி. சம்பா அறுவடை முடிந்து வாத்துகள் திரும்ப வந்திருக்கின்றன. ஐந்து கிலோமீட்டரை 46 நிமிடத்தில் ஓடுகிறேன். வேகமாக நடக்கிற ஒருவர் ஏறக்குறைய என்னோடு வந்துவிடலாம். சராசரிச் சர்க்கரை 5.8. ஓய்வில் நாடித்துடிப்பு 86இலிருந்து 70க்கு இறங்கியிருக்கிறது, இது சோற்றைக் குறைத்ததால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எடை 75.5 கிலோ. ஏப்ரலில் காட்டிய 85.2இலிருந்து குறைந்த ஒன்பதரைக் கிலோவுக்கு மேலானதில் ஓட்டத்தின் பங்கு, என் கணக்குப்படி, மிஞ்சிப்போனால் மூன்றரை. மீதி பித்தளை ஆழாக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பிய அரிசி.

போன சனிக்கிழமை அதே நான்கு ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போனேன். அந்த அம்மா உட்புறத்தைத் திருப்பி, பழைய ஊசித்துளை வரிசைகளை நகத்தால் தடவிப் பார்த்தார். "ரெண்டு தையலும் புடிச்சிடட்டுமா டீச்சர்?" என்றார். ஒன்று மட்டும் பிடிக்கச் சொன்னேன்.