மூன்று சந்நிதியிலும் என் பிள்ளை வாசித்தான்

என் மாமியார் வேண்டிக்கொண்டது மூன்று இடத்துக்கு. சிக்கல் சிங்காரவேலவர், நாகூர் ஆண்டவர், வேளாங்கண்ணி மாதா. நாகப்பட்டினம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது புதுசாகவே தெரியாது, அங்கே வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் மூன்று பேரையும் ஒரே மூச்சில்தான் கூப்பிடுவார்கள். என் பெரியவன் பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்தபோது அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார்கள். அவன் தவில்காரன். விரலில் கூடு மாட்டி வலந்தலையில் அடிக்கிற கை அது. இனிமேல் அந்தக் கையில் பழைய பலம் வருவது சந்தேகம்தான் என்று சொன்னவர்கள் சொன்னார்கள். "கை தேறி வரட்டும், மூணு வாசல்லயும் இவனை வாசிக்க வைக்கிறேன்" என்று அத்தை சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

கை தேறியது. அதோடு பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழுவும் ஆரம்பித்தார்கள், இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. இவன் தவில், எங்கள் தெருப் பெண் ஒருத்தி நாதஸ்வரம், சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிற பையன் வயலின், நாகூர்ப் பையன் ஒருவன் தாயிரா (பக்கீர்மார் கையில் பிடித்துத் தட்டுகிற ஒற்றைத் தோல் வாத்தியம்), பாட்டுக்கு இவனுடைய சித்தப்பா மகள். நேர்த்திக்கடனைத் தீர்க்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் நாங்களும் வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். அவர்கள் குழுவாக வெளியே வாசிப்பதே இதுதான் முதல்.

என்ன பாடுவது என்பதில் வீட்டில் பெரிய பேச்சு. கோயிலில் பாடுவதை தர்காவில் பாட முடியுமா, தர்காவில் பாடுவதை மாதா முன்னால் பாடலாமா? கடைசியில் எங்கள் மாயவரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளைதான் கைகொடுத்தார். அவர் கிறிஸ்தவர், ஆனால் 1878-ல் அவர் போட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் சாமியின் பெயரைச் சொல்லாமலே சாமியைக் கூப்பிடுகிற பாட்டுகள் நிறைய. அதிலிருந்து எடுத்துக்கொண்டு மூன்று இடத்திலும் அதையே பாடுவது, ஒரு வரிகூட மாற்றக் கூடாது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது.

கார்த்திகை பிறந்து நல்ல மழை. மாயவரத்திலிருந்து வேன் பிடித்துப் போய், முதலில் சிக்கல். சஷ்டி முடிந்து கூட்டம் வடிந்திருந்ததால் முருகனைக் கண் நிறையப் பார்த்தோம். அம்மா வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்குகிற அன்றைக்கு முத்து முத்தாக வியர்க்கிற அந்தத் திருமேனியை, கூட்டத்தில் இடிபடாமல் பார்ப்பதே ஒரு பாக்கியம். குருக்கள் மண்டபத்தில் ஓரமாக உட்காரச் சொன்னார். தாயிராப் பையன் கொஞ்சம் தயங்கி நின்றான், அவரே "வாப்பா, நீயும் முன்னாடி உக்காரு" என்று கூப்பிட்டார். நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா சாகிப் ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு வாசித்ததெல்லாம் தெரிந்த மனிதர் போல. நாதஸ்வரக்காரப் பெண்ணின் அப்பா அந்த மகான் படத்தைத்தான் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார், அவள் கண்ணில் தண்ணீர். அங்கே வாசிப்பு நன்றாகவே இருந்தது, ஆனால் என் பிள்ளை பயந்து பயந்து அடிப்பது எனக்குத் தெரிந்தது. கையை முழுசாக நம்பவில்லை.

வழியில் ஒரு இடத்தில் வேனை நிறுத்தினோம், எந்த ஊர் என்று சொல்ல மனமில்லை. கதவைத் திறக்கும் முன்னாலேயே நாலு பேர் மொய்த்துவிட்டார்கள். மாலை வாங்கு, மெழுகுவத்தி வாங்கு, ரூம் வேண்டுமா, நேரே உள்ளே கூட்டிப் போகிறேன், எனக்கு இவ்வளவு கொடு. வயசான மனுஷி மழையில் இறங்க முடியாமல் தடுமாறுகிறார், குடை பிடிக்க ஒருத்தர் வரவில்லை. சாமி வாசலை வைத்து இப்படிப் பிழைப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வாத்தியம் இறக்கக் கூலி என்று ஒருத்தன் தானாகத் தூக்கிய தவில் பை நேரே சேற்றுத் தண்ணீரில் விழுந்தது.

நாகூர் போய்ச் சேர்ந்தபோது வியாழன் சாயங்காலம், கேட்க வேண்டுமா, கால் வைக்க இடமில்லை. பெரிய மினராவை அண்ணாந்து பார்த்தேன். தஞ்சாவூர் மகாராஜா பிரதாப்சிங் பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டு கட்டியது, 131 அடி என்பார்கள். ராஜாவும் பிள்ளைக்காகத்தானே இங்கே வந்து நின்றார் என்று நினைத்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம். அத்தை வாங்கி வைத்திருந்த வெள்ளித் தகட்டுக் கையைக் காணிக்கையாகச் செலுத்தி, பாத்தியா ஓதி, மயிலிறகால் பிள்ளையின் தலையில் வருடிச் சந்தனம் கொடுத்தார்கள். மஃரிப் தொழுகை முடியும்வரை காத்திருந்தோம், அதன் பிறகு வெளிப்புறம் ஒரு கூரையடியில் உட்காரச் சொன்னார்கள்.

பையைத் திறந்தால் தவில் நனைந்து கிடக்கிறது. தோல் தொய்ந்துபோய் அடித்தால் பொத் பொத் என்கிறது. பையன் போல்ட்டை முறுக்கி முறுக்கிப் பார்த்தான், நிற்கவில்லை. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆண்டவருக்குச் சொன்ன வாக்கு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சுற்றிலும் ஜனம் உட்கார்ந்துவிட்டது, நாதஸ்வரப் பெண் சீவாளியை வாயில் வைத்தபடி இவனையே பார்க்கிறாள். எனக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, நாகூர் ஆண்டவரை அங்கே கூப்பிடுகிறபடி எஜமானே எஜமானே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது அந்த நாகூர்ப் பையன், சாம்பிராணித் தணலில் காட்டிச் சூடேற்றி வைத்திருந்த தன் தாயிராவை எடுத்து இவன் மடியில் வைத்தான். "நீ வாசிண்ணே, நான் கைதட்டித் தாளம் போடுறேன்" என்றான்.

கூடு இல்லை, கழி இல்லை, வெறும் விரல். முறிந்த கை. பாட்டு ஆரம்பித்து முதல் சரணம்வரை மெதுவாகத்தான் தொட்டான், அப்புறம் என்ன ஆயிற்றோ, வயலின் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இவனிடம் கொடுத்ததும் கை இறங்கியது பாருங்கள், தயக்கமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவனுடைய அப்பா உயிரோடிருந்தபோது வாசித்த அதே அழுத்தம். பக்கீர்மார் இரண்டு பேர் தங்கள் தாயிராவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்துகொண்டார்கள். நான் அந்தப் பிள்ளையைப் பெற்றவள், அவன் தொட்டிலில் தாளம் போட்டதிலிருந்து பார்த்திருக்கிறேன், அன்றைக்குக் கேட்டது போல ஒரு நாளும் கேட்டதில்லை. அழுதுகொண்டே இருந்தேன், துடைக்கவும் தோன்றவில்லை.

முடிந்ததும் அத்தைக்கு மறுபடி கவலை, தவிலில் வாசிக்கவில்லையே, நேர்த்தி சேருமா என்று. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "கை சுகமாச்சுல்ல தாயி, அந்தக் கையாலதானே வாசிச்சான், எஜமான் ஏத்துக்கிட்டாங்க" என்றார். அத்தை அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் தன் கையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தையும் ரோஜாப்பூவையும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார், பெயர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் வேளாங்கண்ணி. தவில் காய்ந்து சரியாகிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் அவர்களுக்குப் பதில் நானே மணல் பாதையில் முட்டி போட்டு மாதா குளம்வரை போனேன். மழை பெய்து மணல் இறுகிக் கிடந்தது, முட்டி இரண்டும் தோல் உரிந்தது. வழி முழுக்க மோர் விற்ற அந்த நொண்டிப் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவனுக்குக் காலைக் கொடுத்தவளே, என் பிள்ளைக்குக் கையைக் கொடுத்தவளே என்று. சாயங்காலப் பூசை முடிந்து கொடிமரத்துப் பக்கம் பிள்ளைகள் வாசித்தார்கள். அதே பாட்டு. நாதஸ்வரம் எடுத்த எடுப்பில் கேரளத்திலிருந்து வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். வயலின் பையனின் அம்மா ஜெபமாலையோடு நின்று முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் பிள்ளையின் வலது கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

சிங்காரவேலா, எஜமானே, தாயே, உங்களுக்கு நான் என்ன திருப்பிச் செய்ய முடியும். அத்தை அந்த மஞ்சள் துணியை அங்கேயே அவிழ்த்து உண்டியலில் போட்டார்கள். தர்காவின் கந்தூரித் திருவிழாக் கொடியேற்றத்துக்கு வாருங்கள் என்று நாகூர்ப் பையன் வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது, பிள்ளைகள் இப்போதே புதுப் பாட்டு எடுத்துப் பழகுகிறார்கள். இந்த முறை தவிலுக்கு நல்ல தார்ப்பாய் உறை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று அத்தையிடம்தான் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.