தம்பெரே குறிப்புகள்

செப்டம்பர் 12, 2024
மகனுக்குக் கரப்பான், எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிந்தான். முழங்கை மடிப்பில் நீர் கசிந்து, காலையில் சட்டை தோலோடு ஒட்டிக்கிடந்தது. வெந்நீர் தொட்டுத் தொட்டு எடுத்தேன். அழக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 14
வேப்பிலையைக் கொதிக்கவைத்துக் குளிப்பாட்டு என்கிறாள் அம்மா. பின்லாந்தில் வேப்பிலைக்கு எங்கே போக? "நீங்கல்லாம் மண்ணுலயே கிடந்தீங்க, யாருக்குடி கரப்பான் வந்துச்சு?" வந்தது, அத்தை மகனுக்கு. அம்மா மறந்துவிட்டாள்.

செப்டம்பர் 19
மழையிலும் டேகேரில் வெளியேதான் விளையாட்டு. கூப்பிடப் போனபோது பாசியும் பைன் இலையும் பிசைந்து இட்லி வைத்திருந்தான். முகமெல்லாம் சேறு. நான் நின்ற நேரத்தில் கை மடிப்புப் பக்கமே போகவில்லை.

செப்டம்பர் 21
தூக்கமில்லை, படித்துக்கொண்டிருந்தேன். 2020இல் வெளியான ஆய்வு, இதே ஊரிலும் லஹ்தியிலும் நடந்தது. டேகேர் முற்றங்களில் காட்டுத் தரையைப் பாசியோடும் புளூபெர்ரிச் செடியோடும் கொண்டுவந்து விரித்திருக்கிறார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 28 நாள் அதில் விளையாட, தோலில் பாக்டீரியா வகைகள் கூடின. ரத்தத்திலும் நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் பக்கமாக மாற்றம். கரப்பான் குறைந்ததா? அதை அவர்கள் பார்க்கவே இல்லை. திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தையே தேடுகிறேன்.
1989இல் ஸ்ட்ராகன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எழுதியது இன்னொன்று: அண்ணன் அக்கா அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒவ்வாமைச் சளி குறைவு, முதல் வயதுக் கரப்பானும் குறைவு. இவன் ஒற்றைப் பிள்ளை. அதற்கு நான் என்ன செய்ய?

செப்டம்பர் 24
அத்தை மகன் மாட்டுக்கொட்டகையிலேயே வளர்ந்தவன். அவனுக்கு ஏன் வந்தது?

செப்டம்பர் 27
டாக்டர் தெளிவாகச் சொன்னார். சேறு, காடு எல்லாம் சரி, ஆனால் மண் மருந்தில்லை. தோல் உடைந்து ஈரமாக இருக்கும் இடத்தில் மண் படக்கூடாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அங்கேதான் பெருகும். வந்ததும் கழுவி, ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகத் தடவ வேண்டும். ஸ்டீராய்டு களிம்பையும் சொன்ன நாள்வரை நிறுத்தக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு ஸ்டீராய்டு என்றாலே பயம். இன்றைக்கு அவரையே தடவ வைத்தேன்.

அக்டோபர் 2
விடியும்வரை தூங்கினான்! நானும்.

அக்டோபர் 6
ஹீட்டர் போட்டுவிட்டார்கள். காற்று வறண்டு, கன்னம் மறுபடி சிவப்பு. இவர் சேறுதான் காரணம் என்கிறார், நான் ஹீட்டர் என்கிறேன். நாளைக்கும் அனுப்பத்தான் போகிறேன். மாற்றுத்துணி, இன்னொரு ஜோடி கையுறை, களிம்பு டப்பா, எல்லாம் பையில் வைத்தாச்சு.