கஜனுக்கு நாலு குணம்

பெயரை வைத்தே ஒருவரின் குணத்தைச் சொல்லலாம் என்பார்கள். கஜன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதி எண் பார்ப்போம். எழுத்துக்கு எழுத்து எண் கொடுத்த எண் சோதிடர் கீரோவின் அட்டவணைப்படி கே 2, ஏ 1, ஜே 1, மறுபடி ஏ 1, என் 5. கூட்டினால் 10, அந்த இரண்டு இலக்கத்தையும் கூட்டினால் 1. அதற்குரிய கிரகம் சூரியன். பிள்ளை தலைமை தாங்குவான், ஒருவருக்கும் பணியமாட்டான். முதல் எழுத்தை ஜீ ஆக்கினால் அதற்கு 3. கூட்டு 11, அதாவது 2. சந்திரன். கற்பனை அதிகம், மனம் தளம்பும். அதிலேயே இரண்டாவது ஏயை இரட்டித்தால் 12, அதாவது 3. வியாழன், கட்டுப்பாடான ஆள். இரட்டிக்காமல் அந்த ஏயை எடுத்துவிட்டு ஈ போட்டால் 15, அதாவது 6. சுக்கிரன், அழகும் ஆடம்பரமும். தாய் படலையில் நின்று கூப்பிட்டால் நாலும் ஒரே கஜன்தான்.

வேறு அட்டவணைக்குப் போனால் இன்னும் குழப்பம். ஏயிலிருந்து ஐ வரை 1 முதல் 9, ஜேயிலிருந்து மறுபடி 1 என்று வரிசையாக எண் கொடுக்கும் முறை ஒன்று பிதகோரஸ் பெயரில் புழங்குகிறது. அதில் ஜீக்கு 7. கீரோவிடம் 2 ஆக இருந்த அதே எழுத்துக்கூட்டல் இங்கே 6 ஆகிவிடும். தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலும் எண் பார்ப்பவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. கீரோ என்பதும் புனைபெயர்தான், அயர்லாந்தில் பிறந்த அவருடைய சொந்தப் பெயர் வில்லியம் ஜோன் வோர்னர். எந்தப் பெயருக்கு எண் பார்த்து அவர் குணத்தைச் சொல்வது?

வன்னியில் இதற்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கே பெரும்பாலானவர்களின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் எழுதப்பட்டது. அதில் பெயருக்கு ஆங்கில எழுத்தே கிடையாது. ஆங்கிலக் கஜன் பிறப்பது பல வருடம் கழித்து. பரீட்சை விண்ணப்பம் நிரப்பிய ஆசிரியரோ, கடவுச்சீட்டுக்காகச் சான்றிதழைப் பெயர்த்துக் கொடுத்த மொழிபெயர்ப்பாளரோ தன் பழக்கத்துக்கு ஏற்றபடி எழுத்துக்கூட்டியிருப்பார். தமிழ் ககரம் கேயா ஜீயா, தகரம் ரீஎச்சா டீயா என்பது அவர் கையில்தான் இருந்தது. பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்வரை இல்லாத எழுத்து, பிறந்த நாளிலிருந்தே குணத்தை நடத்தியது என்றால் எப்படி? பிறகு எண்ணுக்காக ஒரு எச்சைச் செருகி, கடவுச்சீட்டில் ஒன்று, சாதாரண தரச் சான்றிதழில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. குணம் மாறியதோ இல்லையோ, பிரதேச செயலகத்துக்கு அலைச்சல் நிச்சயம்.

பிறந்த நட்சத்திரத்தைப் பார்த்துப் பெயரின் முதலோசையைச் சொல்லும் நட்சத்திர எழுத்துக்கு வருவோம். இது எண் சாத்திரத்தைவிடப் பழையது, ஒழுங்கும் கூட. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், மொத்தம் 108 ஓசை. அசுவினிக்குச் சு, சே, சோ, லா. பரணிக்கு லி, லு, லே, லோ. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. சிக்கல் அத்தத்தில்: பு, ஷ, ண, ட. ணகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, டகரத்திலும் தொடங்கக்கூடாது என்பது இலக்கணம். ஆகவே அத்தம் மூன்றாம் பாதத்தில் பிறந்த பிள்ளைக்கு ஐயர் பக்கத்து ஓசை ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பார். நாலாம் பாதம் என்றால் டகரத்தையே பிடித்துக்கொண்டு ஒரு டிலக்சனோ டினோஜனோ வரும். இந்த ஓசைகள் வடமொழி நெடுங்கணக்குக்காகக் கட்டப்பட்டவை, தமிழுக்குக் கொண்டுவந்தபோது ஓரங்கள் மடிந்துவிட்டன.

இந்த முறையில் எழுத்து குணத்தைத் தருவதாகப் பேச்சே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குணம் சொல்வது நட்சத்திரமும் லக்கினமும். எழுத்து ஒரு ஞாபகக் குறி மட்டும். சாதகக் குறிப்பு தொலைந்துபோனால் பெயரின் முதலெழுத்தை வைத்து நட்சத்திரத்தைப் பிடிப்பதற்கான வழி அது. அந்த வழியும் வன்னியில் அடிக்கடி உடையும். சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய 6 மணித்தியாலம் எடுக்கும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் நட்சத்திரம் மாறும் நேரத்தில் ஒத்துப்போவதில்லை, வித்தியாசம் சில வேளை மணிக்கணக்கில் வரும். வீட்டுக்காரர் ஒரு பஞ்சாங்கம், ஐயர் மற்றப் பஞ்சாங்கம் என்றால் பாதம் மாறும், எழுத்தும் மாறும்.

அதற்கு மேலே கடிகாரக் கதை ஒன்றும் உண்டு. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி திரும்பியது. அந்தப் பத்து வருடமும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே ஓடியது. ஆகவே அக்காலத்தில் பிறந்தவரின் குறிப்பில் காலை 7.10 என்று இருந்தால் முதல் கேள்வி, பழைய நேரமா புது நேரமா என்பதுதான். அரச பக்கமிருந்த வவுனியா நகரில் பிறந்தவருக்கு ஒரு விடை, புலிகள் பக்கமிருந்த ஊரில் பிறந்தவருக்கு வேறு விடை. அரை மணித்தியாலம் பிழைத்தால் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குப் பாதம் மாறும். லக்கினம் ஏறக்குறைய 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவதால், நாலு பேரில் ஒருவருக்கு அதுவும் மாறிவிடும். இது கேட்கப்படாமல் எழுதிய குறிப்புகளை வைத்து இன்றைக்குக் கலியாணப் பொருத்தமும் பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் பெயர் ஒன்றுமே சொல்லாதா? நிறையச் சொல்லும். ஆனால் பெயரைச் சுமப்பவரைப் பற்றியல்ல, வைத்தவர்களைப் பற்றி.

நாகம்மா, நாகலிங்கம், நாகேஸ்வரி, நாகராசா என்று ஒரே வீட்டில் வந்தால் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்த குடும்பமாக இருக்கும். புளியங்குளத்துக்குக் கிழக்கே புதூர்க் கோயிலுக்குப் பொங்கலுக்குப் போகிற வழியில் இப்படிப் பெயர்கள் சாதாரணம். பாம்பு மிதிபடும் வயல்வெளியில் பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற பயம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. சவிரிமுத்து, சூசைப்பிள்ளை, அந்தோனிப்பிள்ளை என்றால் மடுப்பக்கம், மன்னார்க் கரை. முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்குப் பிச்சை, குப்பை என்று பெயர் வைத்து, தவிட்டுக்கு விற்று வாங்கும் வழக்கம் இருந்தது. யமன் குப்பையைத் தேடி வரமாட்டான் என்ற கணக்கு. பெயரை வைத்துக் குணம் சொல்பவர் இந்தப் பிச்சைக்கு என்ன சொல்வார்? அது ஒரு தாயின் பயம், அந்தப் பிள்ளையின் சுபாவத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பெயரின் வால் இன்னும் கூடச் சொல்லும். ஒரே முருகன்தான்: கந்தன், கந்தையா, கந்தசாமி, கந்தப்பிள்ளை. பழைய காலத்தில் இதில் எதை வைக்கலாம் என்பது வீட்டுக்காரரின் விருப்பத்தோடு முடிந்த காரியமில்லை. ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் பிள்ளைக்குக் கந்தையா என்று வைத்தாலும், ஊர்ப் பெரியவர்கள் அதை வெட்டிக் கந்தன் என்றே கூப்பிட்டார்கள். அந்த 'ஐயா'வை இழந்தவர் பணிவான குணமுள்ளவர் என்று எவராவது சொன்னால், அவர் குணம் பார்க்கவில்லை, சாதி பார்க்கிறார். 1970களில் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறியவர்களின் முனியாண்டி, மாரியாயி போன்ற பெயர்களுக்கும் இதே கதை நடந்தது. பெயரைக் கேட்டதும் 'அவையள் எங்கத்தையாக்கள்' என்ற கேள்வி வரும், அதற்குப் பின்னால் அவர்கள் இப்படித்தான் என்ற தீர்ப்பு வரும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று டிலக்சன், நிரோஜா. பள்ளிக்கூட இடாப்பைப் பார்த்து எவராலும் பிரிக்க முடியாது. குணம் பெயரில் இருந்திருந்தால் இரண்டு தலைமுறையில் அது எங்கே போனது?

1990களிலும் 2000களின் முதற்பாதியிலும் வன்னியில் தனித்தமிழ்ப் பெயருக்கு நல்ல ஊக்கம் இருந்தது. எழிலன், இளங்கோ, யாழினி, கலைவிழி, செந்தமிழ். அந்தப் பெயரைக் கொண்டு வயதை ஓரளவு கணிக்கலாம், பெற்றோரின் மனச்சாய்வையும் ஊகிக்கலாம். எழிலன் கோபக்காரனா, கடன் வாங்கினால் திருப்பித் தருவானா என்பதற்குச் சங்கக்கடைக்காரரின் கொப்பிதான் நல்ல சாட்சி.

பெயரின் ஓசையைப் பற்றி ஆராய்ச்சி உண்டு, அதையும் தள்ளிவிடக் கூடாது. 1929இல் கோலர் என்ற உளவியலாளர் ஒரு வளைந்த உருவத்தையும் ஒரு கூரான உருவத்தையும் காட்டி, எது பலூபா, எது தக்கேற்றே என்று கேட்டார். 2001இல் ராமச்சந்திரனும் ஹபார்டும் பூபா, கிக்கி என்ற சொற்களோடு அதையே செய்தார்கள். அவர்கள் கேட்டவர்களில் இந்தியாவின் தமிழ் பேசுவோரும் இருந்தார்கள். பெரும்பாலானோர் கூரானதைக் கிக்கி என்றார்கள். ஆகவே 'மாலா' மென்மையாகவும் 'கீர்த்திகா' சுறுசுறுப்பாகவும் காதில் விழலாம். விழுவது கேட்பவரின் காதில். மாலா சந்தையில் பேரம் பேசுவதைப் பார்த்தவருக்கு வித்தியாசம் விளங்கும்.

முகத்தைப் பார்த்துப் பெயரை ஊகிக்கும் பரிசோதனையும் இருக்கிறது. இஸ்ரேலிலும் பிரான்சிலும் செய்து 2017இல் வெளியிட்டார்கள். அந்நியர்களின் படத்தைப் பார்த்தவர்கள், குருட்டடியில் வருவதைவிடச் சற்றுக் கூடவே சரியாகச் சொன்னார்கள். பிறகு 2024இல் வந்த ஆய்வில் பெரியவர்களின் முகத்துக்கு அது வேலை செய்தது, சிறுபிள்ளைகளின் முகத்துக்கு வேலை செய்யவில்லை. பெயர் பிறக்கும்போது எதையும் கொண்டுவரவில்லை, ஊர் எதிர்பார்த்ததை ஆள் மெல்ல மெல்ல அணிந்துகொண்டார் என்றுதான் அதை விளங்கிக்கொள்ள வேண்டும். அதுவும் தலைமயிரும் முகபாவமும் வரைக்கும், குணம் வரைக்கும் அல்ல. பெயர் வாழ்க்கையில் உண்மையாக வெட்டும் இடம் வேறு. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பொஸ்டனிலும் சிக்காகோவிலும் வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5000 போலி விண்ணப்பங்கள் போனது. தகுதி ஒரே மாதிரி. வெள்ளையர் பெயர் போட்டவற்றுக்குக் கறுப்பர் பெயர் போட்டவற்றைவிட 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. அங்கே வெளியே வந்தது விண்ணப்பம் பார்த்தவரின் குணம்.

பிறகு ஏன் பெயர்ப் பலன் கேட்பவர்கள் 'அப்பிடியே சொல்லிப்போட்டார்' என்கிறார்கள்? 1948இல் போரர் என்ற அமெரிக்க விரிவுரையாளர் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு பலன் எழுதிக் கொடுத்தார். பொருத்தத்துக்கு 5க்கு எத்தனை என்று கேட்டார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வசனங்கள். 'வெளியே உறுதி, உள்ளே கவலை', 'உங்கள் திறமையில் நிறைய இன்னும் பயன்படவில்லை' போன்றவை எவருக்குப் பொருந்தாது?

சந்தேகம் தீராதவர்கள் ஒரு பின்னேரத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஆறு பேரை எடுங்கள். ஆறும் ஆணாகவோ ஆறும் பெண்ணாகவோ இருக்கட்டும், ஒரே சமயம், வயது வித்தியாசம் ஐந்து வருடத்துக்குள். இல்லாவிட்டால் சவிரிமுத்துவையும் டினோஜனையும் வயதாலும் சமயத்தாலுமே பிரித்துவிடுவார்கள். பெயரை மட்டும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதி, பெயர்ப் பலன் எழுதுபவரிடம் கொடுங்கள். படம் வேண்டாம், அடையாள அட்டைப் பிரதி வேண்டவே வேண்டாம். அட்டை இலக்கம் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும்: 1998534 என்று தொடங்கினால் 1998இல் பிறந்தவர், 500ஐக் கழித்தால் 34, பெண், பெப்ரவரி 3. 

பலன் எழுதுபவர் ஆளுக்கு அரைப் பக்கம் எழுதட்டும். வாங்கியதும் பெயர், கடவுள், நட்சத்திரம் தொட்ட வசனங்களை வெட்டிவிடுங்கள். 'கதிர்காமத்தான் துணை' என்ற ஒரு வரி போதும், குகனைக் காட்டிக்கொடுக்க. ஆறையும் ஒரே கையெழுத்தில் படியெடுத்து, குலுக்கி, 1 முதல் 6 வரை இலக்கமிடுங்கள். எது யாருடையது என்ற தாள் இந்த வேலையில் சேராத ஒருவரிடம் இருக்கட்டும். பிறகு ஆறு பேரையும் நன்றாகத் தெரிந்த ஒருவர், வகுப்பாசிரியரோ சங்கக்கடைக்காரரோ, எந்தப் பலன் யாருக்கு என்று பொருத்த வேண்டும். ஒருவருக்கு ஒரு பலன், மீதி வைக்கக் கூடாது.

கண்ணை மூடிப் பொருத்தினாலும் சராசரியாக ஒன்று சரியாக வரும். ஆறு பேருக்குப் பதிலாக அறுபது பேரை எடுத்தாலும் அந்தச் சராசரி ஒன்றுதான். ஆறு பேரை மொத்தம் 720 விதமாகப் பொருத்தலாம்; நாலு அல்லது அதற்கு மேல் சரியாக விழுவது அதில் 16 விதத்தில் மட்டும். மூன்று சரிவந்துவிட்டது என்று துள்ள வேண்டாம், மூன்று அல்லது அதற்கு மேல் என்று பார்த்தால் அப்படி 56 விதம் இருக்கிறது. நாலு வந்தால் வேறு ஆறு பேரை வைத்து மறுபடி செய்யுங்கள், பலன் எழுதுபவரும் பொருத்துபவரும் இடையில் கதைத்துக்கொள்ளாமல்.