கீசர் கட்-அவுட் அடிக்கடி விழுந்தது ஏன்? திறந்து பார்த்துச் சரிசெய்த அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 15 லிட்டர், 2000 வாட் கீசர். அது ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில், சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு விளக்கு அணைய ஆரம்பித்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. அப்புறம் சூடாகும்போது உள்ளே சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். கடைசியில் விளக்கே எரியவில்லை, பச்சைத் தண்ணீர்தான் வந்தது.

முதலில் பார்க்க வந்தவர், தெர்மோஸ்டாட்டை, அதாவது தண்ணீர் போதிய அளவு சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும் பாகத்தை, மாற்றினால் போதும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தச் சத்தத்துக்கு அவர் காரணமே சொல்லவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் காயிலுக்குச் சுமார் 18 நிமிடம் வேண்டும். அதில் பாதி நேரம்கூட ஆகாமல் விளக்கு அணைந்தால், தண்ணீர் சூடாகிவிட்டது என்று தெர்மோஸ்டாட் தவறாக நினைக்கிறது என்று அர்த்தம். ஒன்று, தெர்மோஸ்டாட் கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதைச் சுற்றி மட்டும் சூடு தேங்க வேண்டும்.

கீசருக்கு மின்சாரம் போகும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, மின்சாரம் வரவில்லை என்று டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு மூடியைக் கழற்றினேன். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் காயிலின் இரண்டு முனைகளையும் தொட்டதும் 26-க்குப் பக்கத்தில் காட்டியது. 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் காயிலுக்கு அதுதான் சரியான அளவு. காயில் அறுந்திருந்தால் மீட்டர் எதையும் காட்டாது. முனைக்கும் கீசரின் உடம்புக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. அங்கே தொடர்பு காட்டினால் மின்கசிவு. அந்தக் காயிலைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. ஆக, காயில் நன்றாக இருந்தது. விழுந்திருந்தது கட்-அவுட், அதாவது அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு. அதன் சின்ன பட்டனை அழுத்தியதும் கீசர் ஓடியது. சில நாளில் மறுபடி விழுந்தது.

இந்த இடத்தில்தான் பலர் பட்டனை அழுத்தி அழுத்தியே காலத்தை ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே ஏதோ அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதால்தான் அது விழுகிறது. அந்தக் காரணம் தெரியாமல் பட்டனை அழுத்துவது ஆபத்து.

சரி, திறந்துதான் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். மின்வேலை தெரிந்த நண்பர் கூட இருந்தார். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் தண்ணீர் வரும் வால்வை மூடினோம். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அடியில் உள்ள இணைப்பைக் கழற்றித் தொட்டியைக் காலி செய்தோம். எந்த ஒயர் எங்கே போகிறது என்று போட்டோ எடுத்துவிட்டு, கீழ்த்தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம்.

தட்டு இறங்கியதும் வாளியில் முதலில் விழுந்தது வெள்ளைச் சேறு. பின்னாலேயே முட்டையோடு போல மெல்லிய சில்லுகள் சலசலவென்று கொட்டின. காயில் இருக்கும் இடமே தெரியவில்லை. காயிலையும் தெர்மோஸ்டாட் குழலையும் சேர்த்து ஒரே கட்டியாக உப்பு இறுகியிருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் கட்டிக்குள்ளேயே தேங்குகிறது. பக்கத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட் அதை வாங்கிக்கொண்டு சீக்கிரமே அணைகிறது. அணைந்த பிறகும் தேங்கிய சூடு ஏறும்போது கட்-அவுட் விழுகிறது. படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெடிப்பதுதான் அந்தப் பொரியும் சத்தம்.

கத்தியால் சுரண்டினால் காயிலின் உறை கீறிவிடும். அதனால் முனைகள் நனையாதபடி, சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் காயிலை ஊறவைத்தோம். நுரைத்துக்கொண்டு தானாகவே கழன்றது. தொட்டிக்குள் இருந்ததைத் தண்ணீர் அடித்தே வெளியேற்றினோம். உள்ளே எனாமல் பூச்சு இருப்பதால் கம்பி விட்டுக் கிளறக் கூடாது.

நான் எல்லோரிடமும் சொல்ல விரும்புவது ஆனோட் ராடைப் பற்றித்தான். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் அரிபடும் மெக்னீசியக் கம்பி அது. எங்களுடையதில் மெக்னீசியம் முழுக்கத் தீர்ந்து, நடுவில் இருந்த மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் அரிப்பு தொட்டியில் இறங்கியிருக்கும், தொட்டி ஓட்டையானால் கீசரையே மாற்ற வேண்டியதுதான். சர்வீசுக்கு வருகிறவரிடம் ஆனோட் ராடைக் காட்டச் சொல்லி நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அதே நீளம், அதே மரையில் புது ராடு போட்டோம். கீழ்த்தட்டு கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கட்டையும் மாற்றினோம், பழையதைத் திரும்பப் போட்டால் கசியும். தண்ணீரை நிரப்பி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று அடங்கி ஒரே சீராக வந்த பிறகுதான் சுவிட்சைப் போட்டோம். தண்ணீரில்லாமல் போட்டால் காயில் எரிந்துபோகும். இந்த முறை விளக்கு கணக்கில் வந்த நேரத்தை ஒட்டியே அணைந்தது, சத்தமும் இல்லை.

தேடிப் படித்ததில் தெரிந்த வேறு சில அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். சுடுதண்ணீர் மட்டும் பழுப்பாக வந்தால் துரு தொட்டிக்குள். பச்சைத் தண்ணீரும் பழுப்பாக இருந்தால் கோளாறு கீசரில் இல்லை. சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அது பெரும்பாலும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. சூடாகும்போது சேஃப்டி வால்வில் சொட்டினால் பயப்பட வேண்டாம். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு வரும்போது சுமார் 200 மில்லி விரியும், அதுதான் வெளியே வருகிறது. அந்த வால்வை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், அடைத்தால் தொட்டி வெடிக்கும் அபாயம் உண்டு. குழாயில் ஆவி சீறினாலோ, தொட்டதும் ஷாக் அடித்தாலோ, மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதில் நாம் கை வைக்கக் கூடாது.

இப்போது தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்திருக்கிறோம். அதற்கு மேல் போனால் உப்பு வேகமாகப் படியும். ரொம்பக் குறைத்து வெதுவெதுப்பாகவே தேக்கி வைத்தால் லெஜியோனெல்லா பாக்டீரியா வளர வழியாகும். வருஷத்துக்கு ஒரு தடவை கீழ்த்தட்டைக் கழற்றி ராடையும் காயிலையும் பார்த்துவிடுவது என்று முடிவு.